அத்தான் கேட்ட படகு வண்டி

பேட்டையில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். எவ்வளவு பாரம் தாங்கும்? செங்கல் ஏற்றுகிறவர், வாழைத்தார் ஏற்றுகிறவர், ஜல்லி ஏற்றுகிறவர், யாராக இருந்தாலும் டிராக்டர் டிரெய்லரின் அடியில் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளை எண்ணிப் பார்ப்பார்கள். பட்டை கூடக்கூட அவர்கள் முகம் மலரும். நானும் மீசை கறுத்த வயதிலிருந்து இதே தொழில்தான். நான் செய்த டிரெய்லர் முறிந்து நடுரோட்டில் நின்றது என்று இந்த ஜில்லாவில் ஒரு ஆள் சொல்லிவிட முடியாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அத்தான் வந்தார். என் அக்காவின் வீட்டுக்காரர். ஆற்றுக்குத் தென்கரையில் வாழை போடுகிற சம்சாரி. கையில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றி வைத்திருந்தார். அதில் முடிச்சுகள் போட்டிருந்தார். பட்டறைத் தரையில் கயிற்றை நீட்டிப் போட்டு, இந்த முடிச்சு வரைக்கும் நீளம், இது அகலம், இது அடிவயிற்றின் ஆழம் என்று காட்டினார். எதோட அளவு என்று கேட்டேன். படகு என்றார். கடற்கரையில் ஒரு பழைய ஃபைபர் படகைப் பேசி முடித்துவிட்டாராம். அதை ஏற்றி டிராக்டரில் இழுக்க ஒரு வண்டி வேண்டும். ரோட்டில் இழுக்க இல்லை. ரோடு இல்லாத இடத்தில், சேற்றில், வரப்பில், உடைந்த குளத்தங்கரையில் இழுக்க.

வாழை போடுகிறவருக்குப் படகு எதற்கு என்று வேறு யாராவது இருந்தால் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அக்கா போய் அப்போது நாலு மாசம்தான் ஆகியிருந்தது. மார்கழி வெள்ளத்தில் போனாள். தண்ணீர் அவளை அடித்துக்கொண்டு போகவில்லை. அவள் காலைக்கூட நனைக்கவில்லை. அவளை ஏற்றியிருக்க வேண்டிய ஒரு படகு வந்து, வீடு வரைக்கும் வர முடியாமல் திரும்பிப் போனது. அதனால் போனாள்.

அக்காவுக்கு இரண்டு கிட்னியும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் திருநெல்வேலிக்கு வருவாள்; ஆஸ்பத்திரியில் மிஷினோடு சேர்த்துப் படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்புவார்கள். அத்தான் ஒரு தடவைகூட அவளைத் தனியாக அனுப்பியதில்லை. சில நாள் ஊருக்குப் பஸ் ஏறும் முன் இரண்டு பேரும் என் பட்டறைக்கு வருவார்கள். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு அக்கா உட்காருவாள். அவள் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. அதற்காகவே அத்தான் ஒரு குட்டி எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் பையில் வைத்திருந்தார். சாமிக்குப் பால் வைக்கிற டம்ளர் மாதிரி இருக்கும். என் ஆட்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டுச் சொம்பை அண்ணாந்து மடக்மடக்கென்று குடிப்பதை அவள் கண் எடுக்காமல் பார்ப்பாள். நல்லாக் குடிங்கப்பா, என் பங்கையும் சேர்த்துக் குடிங்க என்பாள். அவர்கள் சங்கடப்பட்டுச் சொம்பை மறைத்துக்கொண்டு போனால் அதற்கும் கேலி செய்வாள்.

என் வேலையையும் விடமாட்டாள். ஒரு நாள் புதுசாக முடித்து நிறுத்தியிருந்த டிரெய்லரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏலே, ஆட்டுக்குட்டி ஏத்த வண்டி கேட்டாலும் நீ யானைக்குத்தாம்லே செய்வ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பாரம் தாங்கும் என்றுதானே சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மழை பெய்யத் தொடங்கிய அன்று சாயங்காலம் போன் செய்தேன். தெருவில் தண்ணீர் ஓடுகிறது, வீட்டுக்குள்ளே வரப் பார்க்கிறது, மச்சுக்கு ஏறிவிட்டோம் என்றாள். பயந்திருப்பாள் என்று நினைத்து நான் ஏதோ தைரியம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை. "டாக்டரு தண்ணிய ஒதுக்கி வையின்னாரு. அது கோவிச்சுக்கிட்டு வாசலுக்கே வந்துட்டுலே" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் குரலை நான் கேட்கவில்லை. ராத்திரியே கரண்டு போய், அதோடு போனும் போனது. மறுநாள் அவள் மிஷினுக்கு வர வேண்டிய நாள்.

எனக்கும் இங்கே தெருவெல்லாம் தண்ணீர். ஆற்றுப் பாலத்தில் யாரையும் விடவில்லை. அவர்கள் ஊரில் நடந்ததை எல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மெயின் ரோட்டிலிருந்து அவர்கள் ஊர் ஒரு மைல்கூட இருக்காது. ஊருக்குப் பிரிகிற விலக்கில் இறங்கினால் முதலில் வயல், அப்புறம் குளம், குளத்துக்கு அக்கரையில் ஊர். குளம் உடைந்து ரோட்டைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. விலக்கிலிருந்து குளம் வரைக்கும் வாழையும் மண்ணுமாகச் சேறு. அதைத் தாண்டினால் ஊர் வரைக்கும் தண்ணீர். கடற்கரை ஆட்கள் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். விலக்கில் வந்து நின்றார்கள். அந்தச் சேற்றில் லாரி இறங்காது, படகும் மிதக்காது. படகுக்குத் தண்ணீர் போதவில்லை, லாரிக்குத் தரை போதவில்லை. தூக்கிக்கொண்டு போகப் பார்த்திருக்கிறார்கள். இடுப்பு வரைக்கும் சேறு இழுத்திருக்கிறது. நாலா பக்கமும் ஜனங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், வேறு ஊருக்குப் படகைக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களை ஒரு சொல் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அவர்கள் எத்தனையோ உயிரைக் கரை சேர்த்தவர்கள்.

சேறு காய்ந்து நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பில் தண்ணீர் சேர்ந்து, மூச்சு முட்டி, மச்சில் வைத்தே அக்கா போய்விட்டாள். கடைசி வரைக்கும் அந்தக் குட்டி டம்ளர் அளவைத் தாண்டிக் கொடுக்கவில்லை என்று அத்தான் சொன்னார். அவள் கெஞ்சிக் கேட்டாளாம். கார் வந்துவிடும், படகு வந்துவிடும், மிஷினுக்குப் போய்விடலாம், அதுவரைக்கும் பொறுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. காரியத்திலும் அழவில்லை. அழாத மனுஷனைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் அவர் கயிற்றோடு வந்து நின்றபோது கையிலிருந்த மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கி வைத்தேன். அத்தான் தினமும் காலை பஸ்ஸுக்கு வந்துவிடுவார். அக்கா உட்காரும் அதே வேப்பமரத்தடியில் உட்காருவார். நாற்காலி போட்டால் உட்காரமாட்டார்; ஓர் இரும்புச் சேனல் துண்டின் மேல்தான் உட்காருவார்.

படகு வண்டி எங்களுக்குப் புதுசு. தார்ரோட்டில் படகு இழுக்கிற வண்டியைக்கூட நான் போனில் படமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் குழந்தைகளின் நடைவண்டி மாதிரித் தாழ்வாக இருக்கும். நம் ஊர் வரப்பில் ஏறினால் அடிவயிறு தட்டும். அதனால் அச்சை உயர்த்தினேன். உயர்த்தினால் சாயும் என்று சக்கரத்தை அகட்டினேன். வளைவில் டிராக்டரின் பெரிய சக்கரம் படகின் மூக்கில் இடிக்காமல் இருக்க முன்தண்டை நீட்டினேன். பள்ளத்தில் டிராக்டர் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியையும் கூடவே இழுத்துச் சாய்க்கக் கூடாது. அதற்காக மாட்டுகிற கொக்கி சுழலும்படி செய்தேன். நடுவில் படகின் முதுகெலும்பு உருளுவதற்கு ரப்பர் ரோலர்கள், இரண்டு பக்கமும் படகு சாய்ந்து உட்காரப் பலகை, முன்னால் கையால் சுற்றி இழுக்கிற வின்ச். பின்பக்கத்தைத் திறந்தே விட்டேன். வண்டியைத் தண்ணீருக்குள் பின்னால் தள்ளினால் படகு தானாக வழுக்கி இறங்கிவிட வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. மூன்று டன் வண்டிக்குப் போடுகிற ஸ்பிரிங் செட்டை அப்படியே எடுத்துப் போட்டேன். கரடுமுரடான பாதை என்று அத்தான் சொன்னதால் இன்னும் இரண்டு பட்டை கூட வைத்தேன். எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் யாரிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் வந்து குனிந்து எண்ணிவிட்டு, "கல்லுமாதிரி நிக்கும்வே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் ஆட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அத்தான் சேனல் துண்டில் உட்கார்ந்தபடியே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னார். வாழை எல்லாம் விழுந்துவிட்டதால் மச்சிலிருந்து பார்த்தால் விலக்கு வரைக்கும் தெரிந்ததாம். லாரியின் மேலே நீலக்கலர் படகு நின்றதை அவர் பார்த்திருக்கிறார். அக்காவைத் தூக்கி உட்கார வைத்து, ஜன்னல் வழியாக அவளுக்கும் காட்டியிருக்கிறார். அவளும் பார்த்திருக்கிறாள். ரொம்ப நேரம் நின்றதாம் அந்தப் படகு. பிறகு லாரி பின்வாங்கித் திரும்பிப் போயிருக்கிறது. கீழே போய்த் தெரு ஆட்களிடம் கத்திப் பார்த்துவிட்டு மேலே வந்தபோது, படகு போயிட்டா என்று மட்டும் அக்கா கேட்டாளாம்.

"இப்படி ஒண்ணு அன்னைக்கு இருந்திருந்தா வந்திருக்குமா மாப்ளே?" என்று கேட்டார்.

ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் அத்தான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அத்தானுக்கு வேண்டியது வண்டி மட்டும் இல்லை. இதற்கு ஒரு பதில் வேண்டும். எந்த வண்டியாலும் வந்திருக்க முடியாது என்றால் அவர் எப்படியாவது மனசைத் தேற்றிக்கொள்வார். வந்திருக்க முடியும் என்றால் அந்த மனுஷன் என்ன ஆவார்? இருந்தும் வண்டி நன்றாக வர வேண்டும் என்று கை அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

வைகாசிக் கடைசியில் வண்டி முடிந்தது. அத்தானின் டிராக்டரில் மாட்டி, கடற்கரைக்குப் போய்ப் படகை ஏற்றினோம். திரும்பும்போது தார்ரோட்டை விட்டுவிட்டு, திசையன்விளைப் பக்கம் செம்மணல் மேடாகக் கிடக்கும் தேரியில் இறக்கி ஓட்டிப் பார்ப்பது என்று பேச்சு. பனைமரங்களுக்கு நடுவே வண்டித்தடம் ஒன்று போகும். ஓர் இடத்தில் மணல் வாங்கும், அடுத்த இடத்தில் தரை கட்டியாக இருக்கும், வேர் குறுக்கே கிடக்கும். அத்தான் ஓட்டினார். நான் பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன்.

நூறு அடிகூடப் போயிருக்கமாட்டோம், பின்னால் டம் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வண்டி துள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு துள்ளலுக்கும் படகு பலகையை விட்டு எழும்பி, கட்டிய கயிற்றையும் மீறித் திரும்பப் பலகையில் மோதியது. நிறுத்துங்க என்று நான் கத்துவதற்குள் இன்னும் நாலைந்து அடி விழுந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால், படகின் பின்பக்கம் இன்ஜின் மாட்டுகிற இடத்துக்குக் கீழே கைவிரல் நுழைகிற அளவுக்கு விரிசல். இருபது வருஷப் பெயர் என்னுடையது. அந்தத் தேரியில் எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சவத்து வண்டி என்று சக்கரத்தை ஓர் எத்து எத்தினேன்.

அத்தான் விரிசலின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"அப்பம் வந்திருக்காது" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். படகை ஒரு தோட்டத்தில் இறக்கிப் போட்டுவிட்டுத் திசையன்விளையில் சாப்பிடப் போனோம். அக்கா போன பிறகு அவர் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று மறுசோறு கேட்டு வாங்கினார், ரசம் கேட்டார், அப்பளம் கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் வாழைக்கன்று பற்றியும் கிணற்று மோட்டார் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்து குளித்து முடிக்கும்போதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆட்டுக்குட்டிக்கு யானை வண்டி. அக்கா அன்று கேலியாகச் சொன்னதை இவ்வளவு நாள் கழித்து நான் அட்சரம் பிசகாமல் செய்து முடித்திருந்தேன். மூன்று டன் தாங்குகிற ஸ்பிரிங் அசைய வேண்டும் என்றால் அதன் மேல் மூன்று டன் இருக்க வேண்டும். படகின் எடை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாரம் இல்லாத ஸ்பிரிங்கும் கல்லும் ஒன்றுதான், பள்ளத்தின் அடியை எல்லாம் அப்படியே மேலே அனுப்பும். வேண்டாத பட்டைகளைக் கழற்றினால் போதும். ஒரு பகல் வேலை.

என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அண்ணன் இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குவார், அதைக் கெடுக்காதீங்க என்றாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மறுநாள் அத்தானுக்குப் போன் செய்து, நம் ஊர்த் தரைக்கு இது சரிவராது அத்தான், விட்டுவிடுவோம் என்றேன். சரிதான் மாப்ளே என்றார். வண்டியைப் பட்டறையின் பின்பக்கம் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினேன். படகைத் தோட்டத்துக்காரர் பார்த்துக்கொண்டார்.

ஆனி போனது, ஆடி போனது. அத்தான் கொஞ்சம் சதை போட்டிருப்பதாக ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் தார்ப்பாய் மூடிய வண்டியைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவையும் எரிச்சலாகவும் வரும். தப்பு இன்னது என்று தெரிந்துகொண்டே ஒரு வேலையைப் பாதியில் போட்டு வைப்பது செருப்புக்குள் கல்லோடு நடப்பது மாதிரித்தான்.

ஆவணிக் கடைசியில் அத்தான் திரும்ப வந்தார். டீ வாங்கி வரச் சொன்னேன். வேண்டாம் என்றார். நேராகப் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை விலக்கினார். நான் கூடவே போனேன்.

"மாப்ளே, வாழத்தார் ஏத்திப் போவும்போது வண்டி அலுங்காமப் போவுது. எறக்கிட்டு வரும்போதுதான் துள்ளுது. ஒனக்குத் தெரியாததா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியும் அத்தான் என்றேன். எப்போது தெரியும் என்று கேட்டார். அன்றைக்கே தெரியும் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குனிந்து ஸ்பிரிங் பட்டைகளின் மேல் ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தார்.

"எனக்கும் தெரிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. தெரியாத மாரி இருந்துரலாம்னு பாத்தேன்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எதுத்த வீட்டு அண்ணாச்சி இப்பம் மிஷினுக்குப் போவுதாரு. மழக்காலம் வரப்போவுது. கழட்டு மாப்ளே."

எதிர்வீட்டு அண்ணாச்சியை எனக்குத் தெரியும். அவரும் அவர் வீட்டு அம்மாவும் மட்டும்தான் அந்த வீட்டில் இருக்கிறார்கள். அக்கா மச்சில் கிடந்த நாளெல்லாம் தெருத் தண்ணீரில் நடந்து வந்து கூட உட்கார்ந்திருந்தது அந்த அம்மாதான்.

ஒரு பகல் வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் கழற்றும்போது கை ஓடவே இல்லை. ஒவ்வொரு பட்டையாக எடுத்துத் தரையில் வைத்தேன். அத்தான் அதைத் துணியால் துடைத்து ஓரமாக அடுக்கினார். கடைசியில் மூன்றே பட்டை நின்றது. நான் வண்டியின் ஓரத்தில் ஏறி நின்று உடம்பை அசைத்தேன். வண்டி பைய இறங்கிப் பைய எழுந்தது. பலகைகளின் மேல் பழைய கயிற்றுப்பாயை மடித்து வைத்து அடித்தோம். சேற்றில் புதையாமல் இருக்க அகலமான பழைய ஜீப் டயர்களைத் தேடிப் பிடித்து மாட்டி, காற்றைப் பாதியாகக் குறைத்தோம். படகின் விரிசலைக் கடற்கரை ஆட்களே ஃபைபர் ஒட்டிச் சரிசெய்து கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம் அத்தான் ஊருக்கு என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசியில் பிசான நடவுக்கு வயல்களில் தண்ணீர் கட்டிச் சேறடிக்கும் சமயம். உடைந்த குளத்தங்கரையை அடைத்து, வெள்ளத்தில் போன ரோட்டையும் புதுசாகப் போட்டுவிட்டார்கள். அதனால் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. விலக்கிலிருந்து குளம் வரைக்கும் உள்ள வயல்காரர்களிடம் அத்தான் போய்க் கேட்டிருக்கிறார். நாற்று நடும் முன் ஒரு தடவை சேற்றுக்குள்ளேயே வண்டியை விட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று. யாரும் மறுக்கவில்லை. அந்தச் சேற்றில் அவர் எதைத் தேடுகிறார் என்பது அந்த ஊருக்கே தெரியும்.

விலக்கில் நின்று டிராக்டருக்கு இரும்புச் சேற்றுச் சக்கரத்தை மாட்டினோம். லாரி நின்ற இடம் இதுதான் என்று அத்தான் ஒரு புளியமரத்தைக் காட்டினார். மத்தியானச் சாப்பாடு எதிர்வீட்டில் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாள். அத்தான் அவளுக்குப் போன் செய்து, புறப்பட்டாச்சு, உலையில் அரிசியைப் போடுங்க என்றார். பிறகு டிராக்டரைச் சேற்றுக்குள் இறக்கினார்.

நான் முழு வழியும் பின்னால் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். முதல் வரப்பு வந்தது. வண்டி ஒரு பக்கம் உயர்ந்தது, சாய்ந்தது, இறங்கியது. படகு பலகையை விட்டு எழும்பவே இல்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை மாதிரி அசைந்துகொண்டு வந்தது. சேறு டயரின் பாதி வரைக்கும் ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை. ஓர் இடத்தில்கூட அத்தான் கியரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. எங்காவது சிக்கிக்கொள்ளாதா என்று நான் வேண்டிக்கொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். என் வேலையைப் பார்த்து நானே அப்படி வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.

குளத்தங்கரைக்கு வந்துவிட்டோம். அத்தான் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் தள்ளினார். நான் வின்ச்சின் பிடியை விடுவித்தேன். படகு ரோலரில் உருண்டு, சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி மிதந்தது. இரண்டு பேரும் ஏறினோம். இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சனியன் பிடித்த இன்ஜினாவது மக்கர் பண்ணியிருக்கலாம். குளத்தின் குறுக்கே நேராக வந்து ஊர்ப் படித்துறையில் படகைச் சேர்த்தோம். அங்கேயிருந்து பார்த்தால் அக்கா வீட்டு மச்சு ஜன்னல் தெரியும். எதிர்வீட்டு வாசலும் தெரியும்.

படகுச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா வெளியே வந்தாள். கையெல்லாம் தேங்காய்த் துருவல். எங்களைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்டிய? அரிசி இன்னும் வேகலயே."

விருந்துக்கு வருகிறவர்கள் முன்னாடியே வந்துவிட்டால் எந்த வீட்டிலும் சொல்கிற சொல்தான். கொஞ்சம் உட்காருங்க, இதோ ஆயிரும் என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குத் தெரியாது.

அத்தான் படகிலிருந்து இறங்கினார். கயிற்றைப் படித்துறைக் கல்லில் கட்டப் போனவர், கட்டாமல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் தண்ணீருக்குள் கிடந்தன. மச்சு ஜன்னலைப் பார்த்தார்.

"கேட்டியா மாப்ளே. சோறு வேகலயாம்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அழுதார். காரியத்தில் அழாததை, அந்த டம்ளரைப் பற்றிச் சொன்னபோது அழாததை எல்லாம் சேர்த்து அழுதார். நான் அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கல்லில் கட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைத் தொட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்ன சொல்வது? வந்திருக்கும் அத்தான், அவள் பிழைத்திருப்பாள் என்றா? அது அவருக்கே தெரிந்துவிட்டது. அவள் என் அக்கா. நான் செய்த வண்டியைப் பார்த்து, இப்பத்தாம்லே அளவாச் செஞ்சிருக்க என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா மறுபடியும் வாசலுக்கு வந்தாள். சோறு வெந்துவிட்டது, வடித்துவிட்டேன், கையைக் கழுவிக்கொண்டு வாங்க என்று கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.